நாலாம் வீட்டுக் கதவு

எங்கள் தெருவில் மொத்தம் பதினொரு வீடுகள். புதுக்கோட்டைக்கு மேற்கே, விராலிமலைப் பக்கத்துச் சின்ன ஊர். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பதினொரு வீட்டுக் குடங்களும் ஒரே வரிசையில் நிற்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் பிள்ளைக்கு ஜுரம் என்று எல்லாம் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு நாள் அந்த வரிசையில் நாலாம் வீட்டுக் குடம் இல்லை.

நாலாம் வீட்டில் இருப்பவள் இளம் பெண். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயதில் ஒரு பையன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். அவளுக்கு ஒரு மாதமாக இருமல். "மழைக்காலத்து இருமல்தானே, மிளகுக் கஷாயம் வச்சுக் குடி" என்று நான்தான் சொன்னேன். கஷாயத்துக்கு அந்த இருமல் அடங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, காசநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதான்! அன்று மாலையே தெருவுக்கெல்லாம் செய்தி பரவிவிட்டது. பால்காரம்மா பாலை வாசல்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று குரல் கொடுத்தார். அந்தக் குழந்தைகள் விளையாட வந்தால் மற்றப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வரிசை மட்டும் தானாக இரண்டடி நகர்ந்தது. மறுநாளிலிருந்து எல்லோரும் பிடித்துப் போன பிறகுதான் அவள் தண்ணீர் எடுக்க வந்தாள்.

சகோதரிகளே, நகர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இடுப்பில் ஏழு மாதக் கைக்குழந்தை. பயம் இருக்காதா?

இத்தனைக்கும் நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஜெபமாலை சொல்லாமல் படுக்க மாட்டேன். ஈஸ்டரை ஒட்டி ஆவூரில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்விடுவோம். ஆவூர்க் கோவில் எங்கள் மாவட்டத்தில் மிகப் பழமையானது. இப்போது நிற்கிற கோவிலே 1747-ல் கட்டியது. வீரமாமுனிவர் பணி செய்த ஊர் என்பதில் எங்களுக்கெல்லாம் தனிப் பெருமை. அப்படிப்பட்ட நான், நாலு வீடு தள்ளி இருக்கிற கதவைப் பதினைந்து நாள் தட்டவில்லை.

தட்டச் சொன்னவர் என் மாமியார்.

"அவ என்ன பண்றாளாம்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பிரசங்கம். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கள்ளர்கள் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். குரு ஒருவர் பார்த்துவிட்டு விலகிப் போகிறார். கோவில் ஊழியம் செய்கிற இன்னொருவரும் விலகிப் போகிறார். அந்தக் காலத்து யூதர்கள் தீண்டத் தகாதவர்களாக நினைத்த சமாரியர் இனத்தைச் சேர்ந்த ஒருவன்தான் நின்று, காயத்தைக் கட்டி, தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் கொடுத்துவிட்டுப் போகிறான்.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தை திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஏத்தா, நாலாம் வீட்டுப் புள்ள என்ன பண்றாளாம்?"

"தெரியல அத்தை. மாத்திரை சாப்பிடறாளாம்."

"சோறு?"

நான் பதில் சொல்லவில்லை.

"பூசையில அந்த ரெண்டு பேரு விலகிப் போனாங்கன்னு சாமியார் சொன்னப்போ நீ 'உச்' கொட்டினே. நான் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி அத்தை போறது? உங்க பேரனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டேன். அத்தை கோபப்படவில்லை. "பயம் நியாயந்தான். ஆனா பயந்தவங்க எல்லாம் வீட்டுக்குள்ள இருந்திருந்தா, மலையில ஒரு சனம் மிஞ்சியிருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்தக் கதையை ஆரம்பித்தார்.

அத்தை பிறந்த ஊர் துறையூர். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. சிறு வயதில் அவர் காதில் விழுந்த பேச்செல்லாம் மட்டக் குதிரையில் மலைமலையாகச் சுற்றுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவியைப் பற்றித்தான். அந்த அம்மாளின் பெயர் ஈவ்லின் பிராண்ட். அத்தை சொன்னது பாதி. மீதியைப் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பட்டுத் தொப்பியும் மலைப் பாதையும்

ஈவ்லின் 1879-ல் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டில் பிறந்தவர். ஓவியம் கற்றவர். நல்ல உடை, நல்ல தொப்பி என்றால் கொள்ளை ஆசை. கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். 1907-ல் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முழு டாக்டர் அல்ல. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு மட்டும் படித்துவிட்டு வந்தார். 1913-ல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். பிறகு குடித்தனம் நடத்தப் போனது கொல்லிமலைக்கு.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிவிடுகிறது. அன்று நடந்து ஏற வேண்டும். இல்லையென்றால் டோலியில் தூக்கிப் போக வேண்டும். மேலே மலேரியா காத்திருந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மலையில் இராத் தங்கமாட்டார்கள். புதுத் தம்பதியையும் அது விடவில்லை. அப்படியும் வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். 1914-ல் மகன் பால் பிறந்தான். பிறகு ஒரு மகள்.

ஜெஸ்ஸி பல் பிடுங்குவார், புண்ணுக்குக் கட்டுவார், தச்சு வேலை கற்றுக் கொடுப்பார், பள்ளிக்கூடம் நடத்துவார். அந்நாளில் மலையில் பெரிய தொல்லை நரம்புச் சிலந்தி நோய். இந்தத் தலைமுறைப் பெண்கள் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டீர்கள். கிணற்றிலும் குளத்திலும் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடிப்பவர்களுக்கு வரும். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்கு அகப்படாத சின்னப் பூச்சிகளோடு புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகும். உள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாக வெளிக்கிளம்பும். நூல் போல நீண்ட புழு. எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு அங்கே குஞ்சுகளை விட்டுவிடும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும்.

வெளியே வந்த புழுவைச் சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படிப் பொறுமையாகச் சுற்றி எடுத்ததைச் சிறுவனாகப் பார்த்தவர் பால். ஆனால் குச்சியோடு வேலை முடியவில்லை. கிணற்றில் யாரும் கால் வைக்க முடியாதபடி சுவர் எழுப்புங்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள் அந்தத் தம்பதி. இந்த இரண்டே காரியந்தான் அந்த நோய்க்கு எமன். பிற்காலத்தில் நாடு முழுவதும் இதே வழியில் போராடி, 1996-ல் ராஜஸ்தானில் கண்ட கடைசி நோயாளியோடு அது இந்தியாவை விட்டே ஒழிந்தது. 2000-ல் நம் நாடு அந்த நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது.

பூசாரி வீட்டுக் குழந்தை

இவ்வளவு செய்தும் மலையில் ஆண்டுக்கணக்கில் யாரும் அவர்கள் பின்னால் போகவில்லை. ஊர்ப் பூசாரிக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் கோபத்தையும் குறை சொல்ல முடியாது. தன் சாமியையும் தன் ஊரையும் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். பூசாரிக்குப் பிடிக்காததால் மற்றவர்களும் ஒதுங்கியே நின்றார்கள்.

அந்தச் சமயத்தில் வந்தது 1918-ன் விஷக் காய்ச்சல். முதல் உலகப்போரின் முடிவில் கிளம்பி உலகத்தையே சுற்றிய இன்புளூயன்ஸா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்களைக் கொண்டுபோயிற்று. கொரோனாக் காலத்தைப் பார்த்த நமக்கு அந்தப் பயம் புரியும். 2020-ல் எத்தனை தெருக்களில் தகரம் அடித்து வைத்தோம்! சொந்த அண்ணன் வீட்டு வாசலில் நின்று போனில் பேசிவிட்டுத் திரும்பினவர்கள் நாம்.

மலையிலும் அதே கதை. காய்ச்சல் விழுந்த வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. அந்தக் காய்ச்சலுக்கு மருந்தே கிடையாது. கஞ்சியும் சுத்தமான தண்ணீரும் கவனிப்புமே வைத்தியம். பிராண்ட் தம்பதி அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.

பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். கூப்பிட்டால் வர ஆள் இல்லை. இத்தனை நாள் யாரை வராதே என்று சொன்னாரோ, அவர்களே வந்தார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும் பூசாரி தன் கைக்குழந்தையை, பெண் குழந்தையை, அவர்களிடமே ஒப்படைத்தார். கும்பிடுகிற சாமி வேறு, பேசுகிற பாஷை வேறு. ஆனாலும் தன் பிள்ளையை இவர்கள் காப்பாற்றுவார்கள் என்று அந்தத் தகப்பனுக்குத் தோன்றியிருக்கிறது. ஈவ்லின் அந்தக் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்துத் தன் பிள்ளைகளோடு வளர்த்தார். எத்தனையோ வருஷப் பேச்சு செய்யாததை அந்த ஒரு காரியம் செய்தது. அதற்குப் பிறகுதான் மலையில் கதவுகள் திறந்தன.

இந்த இடத்தில் நான் அத்தையைக் குறுக்கே கேட்டேன். "மதம் மாத்தறதுக்குத்தானே அத்தை அவங்க வந்தது? அப்படித்தானே சொல்றாங்க?"

"மிஷனரின்னு சொல்லிட்டுத்தானே வந்தாங்க, ஒளிக்கலையே. ஆனா காய்ச்சல்ல கிடந்தவன்கிட்ட நீ எந்தக் கோவிலுன்னு கேட்டுட்டா கஞ்சி ஊத்தினாங்க?" என்றார் அத்தை.

வீட்டில் கண்ணாடி வைக்காத அம்மா

இது ஏதோ கஷ்டமே இல்லாத புண்ணியக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1923-ல் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் கருநீர்க் காய்ச்சலில், அதாவது மலேரியா முற்றி வரும் கொடிய காய்ச்சலில், ஜெஸ்ஸி இறந்தார். தந்தியில் சாவுச் செய்தி வந்து சேர்ந்த பிறகு, அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடைசிக் கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்த பிள்ளையின் மனம் எப்படி இருந்திருக்கும்! பெற்றவளாக அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்மேல் வருத்தந்தான் வந்தது. அப்படிப் பிள்ளைகளை விட்டுவர என்னால் முடியாது. நம்மில் யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

கணவரை மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு ஈவ்லின் வேலையைத் தொடர்ந்தார். பிறகு மிஷன் அவரைச் சமவெளிக்கு மாற்றியது. 1947-ல், அறுபத்தெட்டு வயதில், ஓய்வு கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னது. அந்த அம்மாள் ஓய்வை வாங்கிக்கொண்டார், ஊருக்குத்தான் போகவில்லை. மறுபடி மலை ஏறிவிட்டார். கொல்லிமலையில் சின்னக் குடிசை போட்டுக்கொண்டு, அங்கிருந்து பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக் குதிரையில் கிளம்பிவிட்டார். மருந்துப் பெட்டி ஒன்று, வேதப் புத்தகம் ஒன்று. கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். புழு நோய்க்கு எதிரான கிணற்று வேலையையும் விடவில்லை.

எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இராத்திரி முழுவதும் தரையில் கிடந்தார். மறுநாள் கட்டிலில் படுக்க வைத்து மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். டாக்டராகிவிட்ட மகன் வந்து, "போதும் அம்மா, கீழே வந்துவிடுங்கள்" என்று கெஞ்சினார். பலிக்கவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு, குதிரைமேல் தூக்கி உட்கார வைக்கச் சொல்லி, இன்னும் இருபது வருஷம் அலைந்தார்.

நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அழகு உடைகளில் ஆசையாக வளர்ந்த இந்த அம்மாள் கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். முகமெல்லாம் சுருக்கம், ஆனாலும் மலைக்காரர்கள் அந்த முகத்தைக் கண்டதும் ஓடி வருவார்கள். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கணவர் பக்கத்திலேயே மலை மண்ணில் அடக்கம் செய்தார்கள். மலை மக்களே செய்தார்கள்.

தோளில் ஒரு கை

மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946-ன் முடிவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். கை அறுவை சிகிச்சையில் நிபுணர். அந்நாளில் தொழுநோயாளியைத் தொடவே டாக்டர்களும் தயங்கினார்கள். ஒரு நாள் இளைஞன் ஒருவனைப் பரிசோதித்துவிட்டு, இன்ன சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியபடியே அவன் தோளில் சாதாரணமாகக் கை வைத்தார். அவன் விசும்பி அழ ஆரம்பித்துவிட்டான். "என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?" என்று உதவியாளரைக் கேட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பல வருஷமாக அவனை யாரும் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறான் என்றார்கள்.

டாக்டர் கண்ணீரோடு நிற்கவில்லை. விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்பதில்லை. நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் புண்ணாகி, அதனால் விரல் போகிறது என்று கண்டுபிடித்தார். ராத்திரி தூங்கும்போது சிலருக்கு விரல் காயமாகிறதே, அது எப்படி என்று காவல் இருந்து பார்த்தால், எலி கடிக்கிறது! வலி தெரியாததால் ஆள் விழிப்பதில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு ஆளுக்கு ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்! மருந்துச் சீட்டில் பூனை எழுதிய ஆஸ்பத்திரி அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவிடம் குச்சியும் வடிகட்டும் துணியும். மகனிடம் பூனை. இரக்கப்பட்டுப் பெருமூச்சு விட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. நோய் எப்படி வருகிறது, எதனால் நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். கதையைக் கேட்டு முடித்தபோது என் மனதில் தைத்தது இதுதான். நான் பதினைந்து நாள் பயந்தேனே தவிர, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கேட்டுத் தெரிந்துகொண்டது

மறுநாள் எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பிடித்துக்கொண்டேன். பொறுமையாகச் சொன்னார். இதோ, உங்களுக்கும்:

காசநோய் காற்றில்தான் பரவுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கிருமி வெளியே வருகிறது. தட்டு, டம்ளர், சேலை, படுக்கை, தொட்டுப் பேசுவது இவற்றால் பரவாது. தனித் தட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கதவு ஜன்னலை அடைத்த அறையில் வெகுநேரம் கூட இருப்பதில்தான் ஆபத்து. காற்றும் வெளிச்சமும் வரட்டும். இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். முகக் கவசம் போட்டால் இன்னும் நல்லது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால், சாதாரணக் காசநோயில் சில வாரங்களுக்குள்ளேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தக் கூடாது. வழக்கமாக ஆறு மாதம். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத முரட்டுக் காசநோயாக மாறக்கூடும். அது வந்தால் சிகிச்சை வேறு.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து நல்ல பாதுகாப்பு. நோயாளி வீட்டில் கூடவே இருக்கும் குழந்தைகளையும் மற்றவர்களையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் போடும் திட்டமும் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் படித்தேன். ஒரு காலத்தில் காசநோய் என்றால் குடும்பத்தைப் பிரித்துச் சானிடோரியத்தில் சேர்ப்பார்கள். 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானிடோரியத்தில் படுத்திருந்தவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழை வீட்டில், நெருக்கடியில் இருந்தவர்களும் மருந்தால் அதே அளவு குணமானார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் மற்றவர்களுக்கு நோய் அதிகம் வந்துவிடவும் இல்லை. காசநோய்க்காரரைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை ஆராய்ச்சிதான்.

போனேன்

அன்று மத்தியானம் குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு, தூக்குச் சட்டியில் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும், இரண்டு அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

திறந்தவள் என்னைப் பார்த்ததும் சட்டென்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "அக்கா, உள்ள வராதீங்க. கைப்பிள்ளை வச்சிருக்கீங்க" என்றாள்.

நான் பயந்ததை எல்லாம் எனக்காக அவளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "திண்ணையில உக்காருவோம், காத்தோட்டமா இருக்கு" என்று அங்கேயே உட்கார்ந்தேன். பதினைந்து நாள் பேசாததை எல்லாம் பேசினாள். மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறதாம், பசியும் இல்லையாம், விட்டுவிடலாமா என்று யோசித்தாளாம். "அதை மட்டும் செஞ்சுடாதே, நர்ஸம்மாகிட்ட சொல்லுவோம், என்ன செய்யணும்னு அவங்க சொல்லுவாங்க" என்றேன். அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் அவள் மாத்திரையை விட்டிருப்பாளோ என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.

என்னைப் பார்த்து இரண்டாம் வீட்டு மதினி ஒரு நாள் பால் கொண்டுபோனார். எட்டாம் வீட்டுப் பெரியம்மா அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தன் பேத்தியோடு கூட்டிப்போக ஆரம்பித்தார். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்காரர்கள் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் காலையில் தண்ணீர் வரிசையில் நாலாம் வீட்டுக் குடம் மறுபடி நடுவில் வந்து நின்றது.

ஆறு மாதம் முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயந்திரம் என் தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இல்லையே. சட்டி நிறைய, ஆலங்குடிப் பக்கம் இருக்கும் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பலாச்சுளை. அத்தைதான் முதல் சுளையை எடுத்தார்.

நீங்களும் செய்யலாம்

மலை ஏற வேண்டாம். குதிரை வேண்டாம். பிள்ளைகளைப் பிரிய வேண்டாம். நம் தெருவில், நம் உறவில், கதவு சாத்திக் கிடக்கும் வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே காசநோய் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் மனம் தளர்ந்த பெண் இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் மாமனாரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள் இருக்கலாம்.

என்ன நோய், எப்படிப் பரவும் என்று முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். பிறகு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று தினம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நாள் போய்விட்டு நின்றுவிடாதீர்கள்; வைத்தியம் முடிகிற வரை போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலை நேரத்து ஜுரம், உடம்பு இளைப்பு என்று யாராவது சொன்னால், என்னைப் போலக் கஷாயம் சொல்லாமல், சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நான் இப்போதும் ஞாயிறு பூசைக்குப் போகிறேன். சமாரியன் கதை வரும்போது 'உச்' கொட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே!